உள்ளங்கையில் ஓர் ஊர்தி

கண்டி மாநகரிலிருந்து கட்டுகஸ்தோட்டை வழியாகக் குருணாகலை நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையிலே அமைந்தது கலகெதர. இச்சாலையோரத்தில் சிறிது நேரம் நிற்பவர் கண்முன் எத்தனை வகை ஊர்திகள் ஓடி மறைகின்றன! பஸ்கள், லொறிகள், முச்சக்கர வண்டிகள், மோட்டார்ச் சைக்கிள்கள் என்று அவற்றுக்கு முடிவே இல்லை. ஆயினும், நம் பாட்டன்மார் காலத்தில் மலைநாட்டுச் சாலைகளிலே சரக்கேற்றிச் சென்ற கரத்தைகள் எங்கே? மணியோசையும், சில்லின் கிறீச்சொலியும், அடியிலே தொங்கியசையும் இலாந்தர் விளக்கும் எங்கே? அவை மறைந்தன. கால வெள்ளத்தில் பழையன கழிதல் இயற்கையே. அதற்காகக் கண்ணீர் வடிப்பது நம் நோக்கமன்று.

ஆனால் ஒன்றை நாம் சிந்தித்தல் வேண்டும். ஓர் ஊர்தி மறையும்போது அது தனியே மறைவதில்லை. அதனைச் சமைத்த தச்சனின் கைப்பழக்கமும், கொல்லனின் கணக்கும், அதன் உறுப்புகளுக்கு நம் மொழி இட்டு வழங்கிய பெயர்களும் உடன் மறைகின்றன. குடம், ஆர், வட்டு, அச்சு, கடையாணி, நுகம் என்ற சொற்கள் இன்று அகராதியிலே உறங்குகின்றன. இவ்வறிவை உறங்கவிடாது காக்கும் வழிகளுள் ஒன்று, செலவு மிகாததும் சிறுவர் முதல் முதியோர் வரை எல்லார்க்கும் ஏற்றதுமான ஓர் இனிய பொழுதுபோக்காக விளங்குகின்றது. பழைய ஊர்திகளை அளந்து, அவ்வளவுகளை ஒரே விகிதத்தில் சுருக்கி, உறுப்புக்கு உறுப்பு ஒத்த சிறு மாதிரியுருக்களைச் செய்வதே அது. மேனாடுகளிலே இது பெரிதும் போற்றப்படும் கலை. நம்மவருக்கும் இது புதியதன்று என்பதை முதலிற் காண்போம்.

சிறுதேர் மரபு

ஊர்தியைச் சிறிதாக்கிக் கையிற் பிடித்து மகிழும் வேட்கை மனித குலத்துக்கு மிகப் பழையது. மொகெஞ்சதாரோ, அரப்பா ஆகிய இடங்களிலே நடந்த அகழ்வுகளில் சுட்ட மண்ணாலான சிறு வண்டிகள் பல கிடைத்துள்ளன. நாலாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட அவ்வண்டிகளின் அமைப்பு, அண்மைக் காலம் வரை சிந்து நாட்டில் ஓடிய மாட்டு வண்டிகளை ஒத்திருந்ததை அறிஞர் எடுத்துக் காட்டியுள்ளனர். 1974-ஆம் ஆண்டிலே மகாராட்டிர மாநிலத்துத் தைமாபாத்தில் வெண்கலத் தேரொன்று கிடைத்தது. ஏறத்தாழ 45 சென்ரிமீற்றர் நீளமுள்ள அத்தேரில் இரண்டு எருதுகள் பூட்டப்பட்டிருக்கின்றன. பாகன் ஒருவன் நின்றவாறு செலுத்துகின்றான்.

நம் தமிழிலக்கியத்திலே சிறுதேருக்குத் தனி இடமே உண்டு. காவிரிப்பூம்பட்டினத்துச் செல்வத்தைப் பாடவந்த பட்டினப்பாலைப் புலவர், உலரும் தானியத்தைக் கொத்தவரும் கோழியை விரட்ட மகளிர் பொற்குழையைக் கழற்றி எறிவதையும், அக்குழை குதிரையில்லாமல் குழந்தைகள் உருட்டிவரும் மூன்று காற் சிறுதேரின் வழியைத் தடுப்பதையும் காட்டுகின்றார். பிள்ளைத்தமிழ் நூல்களிலே ஆண்பாற் பிள்ளைத்தமிழின் இறுதிப் பருவம் சிறுதேர்ப் பருவமே. சூத்திரகரின் வடமொழி நாடகமாகிய மிருச்சகடிகம், மண்ணாற் செய்த ஒரு விளையாட்டு வண்டியிலிருந்தே பெயர் பெற்றது. பண்டிதமணி மு. கதிரேசச் செட்டியார் அதனைத் தமிழாக்கி ‘மண்ணியல் சிறுதேர்’ என்று பெயரிட்டார்.

ஏட்டிலே மட்டுமா? யாழ்ப்பாணத்துச் சிறுவர்கள் நுங்குக் கோம்பைகளைச் சில்லுகளாக்கி வண்டில் ஓட்டுவதும், தென்னங் குரும்பட்டிகளையும் ஈர்க்குகளையும் கோத்துத் தேர் கட்டி இழுப்பதும் பலரும் அறிந்தவை. பால்மாப் பேணியை வெட்டி லொறி செய்யாத சிறுவனும் அரியன். கையிலே கிடைத்ததைக் கொண்டு கண்ணாற் கண்டதைச் செய்யும் அவ்வாற்றலே இக்கலையின் வித்து. அதனுடன் அடிமட்டமும் கணக்கும் சேரும்போது விளையாட்டுப் பொருள் மாதிரியுருவாக உயர்கின்றது. விளையாட்டு வண்டிக்குச் சில்லு உருண்டாற் போதும். மாதிரியுருவின் சில்லுக்கோ உண்மைச் சில்லில் எத்தனை ஆர்கள் உண்டோ அத்தனையும், அதே சரிவிலும் அதே பருமன் விகிதத்திலும் இருத்தல் வேண்டும்.

மாதிரியுரு காத்த அறிவு

இத்தகைய நுணுக்கத்தால் விளையும் பயன் யாது என்று கேட்போருக்குச் சீனத்திலிருந்து ஒரு சான்று கூறலாம். சீனத்தின் முதற் பேரரசராகிய சின் ஷி ஹுவாங்கின் கல்லறை மேட்டின் அருகே, 1980-ஆம் ஆண்டில், வெண்கலத்தாற் செய்த இரண்டு தேர்கள் அகழ்ந்தெடுக்கப்பட்டன. ஒவ்வொன்றிலும் நான்கு குதிரைகள் பூட்டப்பட்டுள்ளன. உண்மைத் தேரிற் சரிபாதி அளவிலே, ஒவ்வொன்றும் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட உறுப்புகளைக் கொண்டு, கடிவாளத்தின் கண்ணிகள் முதற் குடையின் காம்பு வரை விடாது செய்யப்பட்டவை அவை. அக்காலத்து மரத்தேர்கள் மண்ணுக்குள் மக்கிப்போயின. குதிரையை நுகத்தோடு எவ்வாறு பிணைத்தனர், வார்கள் எவ்வழிச் சென்றன என்ற நுட்பங்களை இன்று ஆராய்ச்சியாளர் அந்த அரையளவுத் தேர்களைக் கொண்டே தெளிகின்றனர். செய்தவன் பெயர் நமக்குத் தெரியாது. அவனுடைய அளவு பிழைக்காத கை, இரண்டாயிரத்து இருநூறு ஆண்டுகளுக்குப் பின்னும் நமக்குப் பாடஞ் சொல்கின்றது.

இன்னொரு சான்று நம் காலத்தது. இங்கிலாந்தில் 1948, 1949 ஆகிய ஆண்டுகளில் கட்டப்பட்ட ‘ஏ-1’ வகை நீராவிப் புகையிரத எந்திரங்கள் 49. டீசல் எந்திரங்கள் வந்தபின் அவற்றுக்கு வேலையற்றுப் போயிற்று. 1966-ஆம் ஆண்டளவில் எல்லாம் கழிக்கப்பட்டு, ஒன்றுகூட எஞ்சாது பழைய இரும்பாக உடைக்கப்பட்டன. ஆயினும் அவற்றின் வரைபடங்கள் பிழைத்திருந்தன. 1990-ஆம் ஆண்டிலே ஆர்வலர் சிலர் ஒன்றுகூடி, பொதுமக்களிடம் சிறுகச் சிறுகப் பொருள் திரட்டி, அவ்வரைபடங்களைக் கொண்டு ஐம்பதாவது எந்திரத்தைப் புதிதாகவே கட்டத் தொடங்கினர். 2008-ஆம் ஆண்டில் ‘டொர்னாடோ’ என்னும் பெயருடன் அது தண்டவாளத்தில் ஓடிற்று. இரும்பு அழிந்தும் அளவு அழியாதிருந்தமையால் எந்திரம் மீண்டும் பிறந்தது. அளவும் அழிந்திருந்தால்? எத்துணைப் பொருள் திரட்டியும் பயனிராது.

தீப்பெட்டிக்குள் உருளை எந்திரம்

மேனாட்டிலே இக்கலை வீடுதோறும் பரவியதற்கு இருபதாம் நூற்றாண்டின் தொழில்வளம் துணைசெய்தது. இலிவர்பூல் நகரத்துப் பிராங் ஹோர்ன்பி என்பார், துளையிட்ட உலோகப் பட்டிகளைத் திருகாணிகளாற் பூட்டிப் பல பொறிகளைச் செய்யும் ஒரு முறைக்கு 1901-ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார். ‘மெக்கானோ’ என்று உலகெங்கும் பெயர் பெற்றது அதுவே. அவருடைய நிறுவனமே 1934 முதல் ‘டிங்கி’ என்னும் பெயரிற் சிறு மோட்டார் வண்டிகளையும் விற்றது.

இவற்றினும் சுவையான வரலாறு தீப்பெட்டி வண்டிகளுடையது. இலண்டனில் லெஸ்னி என்னும் வார்ப்பு நிறுவனத்தின் பங்காளர் ஜக் ஓடெல். அவருடைய மகள் பயின்ற பாடசாலையிலே, தீப்பெட்டிக்குள் அடங்கும் விளையாட்டுப் பொருளை மட்டுமே கொண்டுவரலாம் என்று ஒரு விதி இருந்ததாம். மகளுக்காகத் தந்தை பித்தளையில் ஒரு சிறு வீதியுருளை எந்திரம் செய்து தீப்பெட்டியில் வைத்துக் கொடுத்தார். கண்ட குழந்தைகள் எல்லாம் தமக்கும் வேண்டுமென்றனர். 1953-ஆம் ஆண்டில் ‘மட்ச்பொக்ஸ்’ வரிசை பிறந்தது. அதன் முதலாம் எண்ணும் உருளை எந்திரத்துக்கே கிடைத்தது. 1956 முதல் அந்நிறுவனம் பழங்கால ஊர்திகளுக்கென்றே தனி வரிசையொன்றை வெளியிட்டது.

கடையில் வாங்கிச் சேர்ப்பது ஒரு வகை. தானே செய்வது வேறு வகை. செய்பவரை ஊக்குவித்ததில் அமெரிக்காவிலே ஒரு போட்டி தலைசிறந்து விளங்கிற்று. ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்த பிஷர் பொடி என்னும் பிரிவு, 1930-ஆம் ஆண்டில் இளைஞர் கைவினைக் கழகமொன்றை அமைத்தது. தொடக்க ஆண்டுகளில் போட்டிப் பொருள் என்ன தெரியுமா? பிரெஞ்சுப் பேரரசர் நெப்போலியன் ஏறிய அரச குதிரை வண்டியின் மாதிரியுரு! வரைபடங்களை வாங்கி, மரத்தைச் செதுக்கி, உலோகத்தை வார்த்து, திரைச்சீலை தைத்து, வண்ணந் தீட்டி, ஒரு வண்டியை முடிக்க மாதக்கணக்கிலே உழைக்க வேண்டியிருந்தது. வென்றவருக்குக் கிடைத்ததோ 5,000 டொலர் பெறுமதியான பல்கலைக்கழகப் புலமைப்பரிசில். உலகமே பொருளாதார மந்தத்தில் வாடிய காலத்தில் அது ஏழை மாணவனுக்கு வாழ்வையே மாற்றும் தொகை. பின்னர் 1937 முதல், தாமே கற்பனை செய்த மோட்டார் வண்டியின் மாதிரியுருவையும் அனுப்பலாம் என்றாயிற்று. 1947-ஆம் ஆண்டுப் போட்டியில் வென்ற சார்ள்ஸ் ஜோர்டான் என்னும் இளைஞர், பிற்காலத்தில் அதே ஜெனரல் மோட்டார்சின் வடிவமைப்புத் துறைத் துணைத் தலைவராக 1986 முதல் 1992 வரை பணியாற்றினார். 1968-இல் அப்போட்டி நின்றுவிட்டது. ஆயினும் கத்தியும் அரத்தாளும் ஓர் இளைஞனை எவ்வளவு தூரம் கொண்டு செல்லக்கூடும் என்பதற்கு அது நிலையான சான்று.

நம் அயலில் உள்ளவை

நெப்போலியனின் வண்டியை நாம் தேடிப் போக வேண்டியதில்லை. கண்டியைச் சூழ்ந்த இந்நாட்டின் வரலாறே சில்லுகளால் எழுதப்பட்டது. கடுகண்ணாவைக் கணவாயின் வழியே கொழும்பு–கண்டிச் சாலையை அமைத்த பொறியியலாளர் டோசனின் நினைவுக் கோபுரம் இன்றும் அவ்விடத்தில் நிற்கின்றது. 1832-ஆம் ஆண்டிலே அச்சாலையில் குதிரை பூட்டிய தபால் வண்டி ஓடத் தொடங்கிற்று. கோப்பித் தோட்டங்கள் பெருகிய காலத்தில், மூட்டைகளை ஏற்றிய எருத்துக் கரத்தைகள் அணியணியாக அம்மலைச்சாலையில் இறங்கிக் கொழும்புத் துறைமுகத்தை அடைந்தன. 1867-இல் புகையிரதம் கண்டிக்கு வந்தது. நீண்ட வழிக் கரத்தைப் பயணம் தேய்ந்தது. ஆயினும் தோட்டத்துக்கும் நிலையத்துக்கும் இடையே எருதுகளின் உழைப்பு நெடுங்காலம் நீடித்தது. தென்னிந்தியாவிலிருந்து நடந்தே வந்து மலைநாட்டை வளமாக்கிய நம் முன்னோரின் வியர்வையும் அப்பாதைகளிற் கலந்திருக்கின்றது.

இவற்றுட் சிலவற்றை இன்றும் நேரிற் காணலாம். கடுகண்ணாவைப் புகையிரத நிலையத்தருகே 2014 திசெம்பரில் தேசியப் புகையிரத அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. கண்டிச் சாலையிலே கிரிபத்கும்புரவில் உள்ள நெடுஞ்சாலை அருங்காட்சியகத்தில் பழைய நீராவி உருளை எந்திரங்கள் வைக்கப்பட்டுள்ளன. தீப்பெட்டிக்குள் அடங்கிய அந்த எந்திரத்தின் மூத்த உறவினர் நம் அயலிலேயே நிற்கின்றனர் எனின், அளவெடுக்க வேறெங்கே செல்ல வேண்டும்?

1958-ஆம் ஆண்டிலே பஸ் சேவைகள் நாட்டுடைமையாகி இலங்கைப் போக்குவரத்துச் சபை தோன்றியபின், இலண்டன் மாநகரில் ஓடிக் களைத்த ‘ஆர்.ரி.’ வகை இரட்டைத்தட்டு பஸ்கள் நூற்றுக்கணக்கில் இங்கு கொண்டுவரப்பட்டன. இலண்டனிலே அவ்வகை 1979 வரை ஓடிற்று. அங்குள்ள ஆர்வலர் அதன் ஒவ்வொரு திருகாணியையும் பதிந்து வைத்துள்ளனர். ஆகவே நம் வீதிகளில் ஓடிய பஸ்ஸொன்றின் மாதிரியுருவைச் செய்ய விரும்புவோருக்கு அளவுகள் எளிதிற் கிடைக்கும். வண்ணமும், இடப்பெயர்ப் பலகையில் மும்மொழி எழுத்தும் நாம் சேர்க்க வேண்டியவை.

மொரிஸ் மைனரை மறக்கலாமா? 1948-இல் வெளிவந்த இச்சிறு காரை வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். முதல் மாதிரி மிக ஒடுக்கமாகத் தோன்றவே, அதனை நீளவாக்கில் இரண்டாக அறுத்து, நடுவே நான்கு அங்குலம் அகலப்படுத்திப் பார்த்து நிறைவு கொண்டாராம். எந்திர மூடியின் நடுவே நீண்டு செல்லும் தட்டையான பட்டை அந்த நான்கு அங்குலத்தின் அடையாளமே. நாள்தோறும் காரைக் காண்பவர்களுள் எத்தனை பேர் அப்பட்டையைக் கண்டிருப்பர்? மாதிரியுரு செய்பவன் அதனைக் காணாது தப்ப முடியாது.

செய்யும் முறை

முதற்பணி பொருளைத் தெரிந்தெடுத்தல். நேரிற் சென்று தொட்டு அளக்கத்தக்கதைத் தெரிந்துகொள்வதே தொடங்குபவருக்கு நன்று. அளவு நாடா, அடிமட்டம், குறிப்பேடு ஆகிய மூன்றும் போதும். உரிமையாளரிடம் அனுமதி பெற்று, நீளம், அகலம், உயரம், அச்சுகளுக்கு இடையேயுள்ள தூரம், சில்லின் விட்டம் ஆகியவற்றை முதலிற் குறிக்க வேண்டும். பக்கவாட்டில் நேராக நின்று நிழற்படம் எடுக்கும்போது, ஊர்தியின் அருகே அளவு குறித்த கோலொன்றை நிறுத்திவிட்டால், அளக்க மறந்த உறுப்புகளின் அளவையும் பின்னர் படத்திலிருந்தே கணித்துக்கொள்ளலாம்.

அடுத்தது அளவுத்திட்டம். கரத்தைக்கு 1:12 ஏற்றது. ஓர் அடிக்கு ஓர் அங்குலம் என்பது இதன் பொருள். எனவே சாதாரண அடிமட்டமே போதும். ஐந்தடி விட்டமுள்ள சில்லு ஐந்தங்குலமாகும். மோட்டார் வண்டிக்கு 1:24 பொருந்தும். மொரிஸ் மைனரின் நீளம் ஏறத்தாழ 3,760 மில்லிமீற்றர். இதனை 24 ஆல் வகுத்தால் 157 மில்லிமீற்றர் வரும். உள்ளங்கையில் அடங்கும் அளவு! பஸ்ஸுக்கும் புகையிரதத்துக்கும் ஓர் அடிக்கு 4 மில்லிமீற்றர் என்னும் திட்டம் இங்கிலாந்தில் பெருவழக்கு. 26 அடி நீளமும் ஏழரை அடி அகலமும் கொண்ட இலண்டன் பஸ் அத்திட்டத்தில் 104 மில்லிமீற்றர் நீளமும் 30 மில்லிமீற்றர் அகலமும் பெறும். புகையிரதம் செய்பவர் இங்கு ஒன்றைக் கவனிக்க வேண்டும். இத்திட்டத்துக்கென்று கடையில் விற்கும் தண்டவாளத்தின் அகலம் 16.5 மில்லிமீற்றர். நம் நாட்டு அகலப் பாதையோ ஐந்தடி ஆறங்குலம். நான்கால் பெருக்கினால் 22 மில்லிமீற்றர் வருகின்றதன்றோ? கடைத் தண்டவாளத்தில் நம் புகையிரதத்தை ஏற்றினால், வேட்டியைச் சுருக்கிக் கட்டிய நெடியவன் போலத் தோன்றும்.

மாணவர் சிந்திக்கத்தக்க கணக்கொன்றும் இங்கு உண்டு. 1:24 அளவில் நீளம் 24 மடங்கு குறைகின்றது. பரப்போ 576 மடங்கு குறையும். கனவளவு 13,824 மடங்கு குறையும். மொரிஸ் மைனரின் நிறை சுமார் 775 கிலோகிராம். அதே பொருள்களால் அதே விகிதத்தில் அதனைச் செய்ய இயலுமாயின், நிறை 56 கிராம் மட்டுமே! ஒரு மில்லிமீற்றர் தடிப்புள்ள இரும்புத் தகடு 0.04 மில்லிமீற்றராகச் சுருங்க வேண்டும். அது எழுதும் தாளினும் மெல்லியது. ஆகவே உண்மைத் தடிப்பில் எதனையும் செய்ய முடியாது. கண்ணுக்குத் தெரியும் ஓரங்களை மட்டும் அரத்தால் மெலிவாக்கிக் கண்ணை ஏமாற்றுவதே வல்லவர் வழி. வண்ணத்திலும் இவ்வாறே. பெரிய ஊர்தியின் வண்ணத்தை அப்படியே பூசினால் சிறியதில் அது கருமை மிகுந்து தோன்றும். சிறிது வெள்ளை கலந்து, பளபளப்பையும் குறைத்துப் பூசினால் இயல்பாக இருக்கும்.

பொருள்களுக்குப் பெருஞ்செலவு வேண்டா. மென்மரத் துண்டுகள், தடித்த அட்டை, பழைய பேணித் தகரம், பித்தளைக் கம்பி, குண்டூசி, நல்ல பசை ஆகியன முதல் முயற்சிக்குப் போதியவை. கருவிகளிலே கூரிய கத்தி, நுண்பல் வாள், சிறு அரம், அரத்தாள், கவராயம் இருந்தாற் போதும். கத்தியைக் கையாளும் சிறுவர் அருகே பெரியவர் ஒருவர் இருத்தல் நன்று. பொறுமை என்னும் கருவி மட்டும் எந்தக் கடையிலும் கிடையாது. ஆயினும் மற்றக் கருவிகளைப் பயன்படுத்தப் பயன்படுத்த அது தானே கூர்மையாகும்.

பன்னிரண்டு ஆர்கள்

சில ஆண்டுகளுக்கு முன் என் மாணவரை நோக்கி, மாட்டு வண்டிச் சில்லொன்றை நினைவிலிருந்து வரையுமாறு கேட்டேன். ஒருவர் ஏழு ஆர் வரைந்தார்; ஒருவர் ஒன்பது; ஒருவர் எண்ணாமலே இருபதுக்கு மேல் வரைந்து தள்ளினார். ‘எத்தனை இருத்தல் வேண்டும், ஏன்?’ என்ற வினாவுக்கு எவரிடமும் விடையில்லை. அடுத்த வாரம் ஒரு மாணவன் விடையோடு வந்தான். இளமையில் கரத்தை ஓட்டியவரான அவனுடைய பாட்டனார் சொல்லியனுப்பியது அது. ‘வட்டு ஒரே மரமன்று, ஆறு துண்டுகளை வளைவாகச் செதுக்கிப் பொருத்துவது. துண்டுக்கு இரண்டு ஆர். ஆறு துண்டுக்குப் பன்னிரண்டு. ஒற்றைப்படையில் எவனாவது சில்லுச் செய்வானா?’

அம்மாணவன் அத்துடன் நில்லாது, பாட்டனார் சொல்லச் சொல்ல அளவுகளைக் குறித்து, 1:12 அளவில் ஒரு கரத்தையைச் செய்தான். இரும்புப் பட்டத்தை வட்டின் சுற்றளவிலும் சற்றுக் குறைவாகச் செய்து, நெருப்பிலிட்டுப் பழுக்கக் காய்ச்சி, விரிந்த நிலையிற் சில்லின்மேல் ஏற்றி, நீரூற்றிக் குளிர்வித்தால், அது சுருங்கி வட்டையும் ஆர்களையும் குடத்தையும் ஒன்றாக இறுக்கிவிடும் என்பதை முதியவர் அவனுக்கு விளக்கினார். வெப்பத்தால் உலோகம் விரியும் என்று பாடநூலிற் படித்தவனுக்கு, அவ்விதியைப் பயன்படுத்தி வாழ்ந்த ஒருவர் தன் வீட்டுத் திண்ணையிலேயே இருப்பது அன்றுதான் தெரிந்தது.

முடிந்த வண்டியை முதியவர் கையில் வாங்கி, கவிழ்த்து, அச்சின் நுனியைத் தடவிப் பார்த்தாராம். ‘கடையாணி எங்கே?’ என்பதே அவர் கேட்ட முதற் கேள்வி. பெருந்தேரும் சிறிய ஆணியொன்றினாலன்றோ நிலைபெறுகின்றது என்று வள்ளுவர் உவமை கூறினார். குறளை மனப்பாடஞ் செய்திருந்த பேரனுக்கு ஆணி நினைவுக்கு வரவில்லை. குறளைக் கல்லாத பாட்டனாருக்கு அது மறக்கவில்லை. ஒரு குண்டூசியை வெட்டி அக்குறையைத் தீர்த்தனர். அன்று மாலை முழுதும், தாம் ஓட்டிய வழிகளையும், ஏற்றத்தில் எருதுகளுக்குத் தோள் கொடுத்ததையும், அதுவரை வீட்டார் கேட்டறியாத பலவற்றையும் அவர் சொல்லிக்கொண்டிருந்தாராம்.

அம்முதியவர் இன்று இல்லை. அவர் சொன்ன அளவுகள் பேரனின் குறிப்பேட்டில் இருக்கின்றன. அவர் கேட்ட கடையாணி அந்தச் சிறு வண்டியின் அச்சிலே இருக்கின்றது.

பெற்றோருக்கு ஒரு சொல்

‘படிக்கிற பிள்ளைக்கு இது வீண்பொழுதன்றோ?’ என்று கேட்கும் பெற்றோர் உளர். கணக்கிலே விகிதமும், பௌதிகத்திலே விரிவும், வரலாற்றிலே சாலையும், தமிழிலே அருஞ்சொல்லும் ஒரு வண்டிக்குள் ஒருங்கே அடங்குமாயின் அது வீணாகுமா? இது பையன்களுக்கே உரியது என்று எண்ணுவதும் பொருந்தாது. கோலத்தில் புள்ளி தவறாது இழை கூட்டும் விரல்களுக்கு ஆர்களை அளந்து பொருத்துவது எளிதே. பாடசாலைக் கண்காட்சிகளில் ஊர்தி மாதிரியுருக்களுக்கும் ஓர் இடம் ஒதுக்கலாம். உருவின் அழகுக்கு மட்டும் பரிசளியாது, அளவெடுத்த குறிப்பேட்டையும் சேர்த்துப் பார்த்துப் பரிசளித்தால் பயன் இருமடங்காகும்.

இளைஞர்களே! உங்கள் ஊரிலே, ஏதோவொரு கொட்டிலின் மூலையில், கறையான் அரிக்கும் சில்லொன்றோ, துருவேறிய பழைய லொறியின் முகப்போ கிடக்கக்கூடும். அதனை அறிந்த முதியவர் ஒருவரும் அருகிலேயே இருக்கக்கூடும். பழைய இரும்பு வாங்குபவர் வருமுன், அடிமட்டத்தையும் குறிப்பேட்டையும் எடுத்துக்கொண்டு நீங்கள் செல்லுங்கள். முதலில் சில்லின் விட்டத்தை அளந்து குறியுங்கள். பின்னர் ஆர்களை எண்ணுங்கள். உறுப்புகளின் பெயர்களை அம்முதியவரிடமே கேட்டெழுதுங்கள். மரமும் தகரமும் நாளையும் கிடைக்கும். அவரிடம் கேட்க வேண்டியதை இன்றே கேளுங்கள்.